வார்டில் ஒரு மாற்றம் கொண்டுவருவது எப்படி? அதிகாரம், பழக்கம், ஏழு ஐம்பது பஸ்

புதிதாக வார்டு இன்-சார்ஜ் ஆகியிருக்கிறவர்களுக்கும், 'இந்த வார்டை எப்படியாவது மாத்திக் காட்டணும்' என்ற வேகத்தோடு இருக்கிற இளம் செவிலியர்களுக்கும் இதை எழுதுகிறேன். அந்த வேகம் எனக்கும் இருந்தது. மூன்றே வாரத்தில் இறங்கியும் போனது.

அது 30 படுக்கை கொண்ட ஆண்கள் மெடிக்கல் வார்டு. ஷிஃப்ட் மாறும்போது நர்சிங் ஸ்டேஷனில் உட்கார்ந்துதான் ஓவர் கொடுப்பார்கள், அதாவது நோயாளிகளின் நிலையைச் சொல்லி அடுத்த ஷிஃப்டிடம் ஒப்படைப்பார்கள். நைட் சிஸ்டர் சொல்லச் சொல்ல, மார்னிங் சிஸ்டர் சின்ன நோட்டில் குறித்துக்கொள்வார். அவர் எழுந்து நோயாளியிடம் போய்ப் பார்க்கும்போது டிரிப் தீர்ந்து குழாயில் ரத்தம் ஏறியிருக்கும், இல்லையென்றால் கேனுலா (டிரிப் ஏற்ற நரம்பில் செருகும் சிறு குழாய்) போட்ட கை வீங்கியிருக்கும். 'நான் குடுக்கும்போது நல்லாத்தான் இருந்துச்சு' என்பார் ஒருவர். 'நான் எடுக்கும்போதே இப்படித்தான் இருந்துச்சு' என்பார் மற்றவர். அதனால் இனிமேல் படுக்கைக்குப் படுக்கை நடந்துபோய் ஓவர் கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். ஒரு படிவம் தயாரித்தேன், சர்க்குலர் ஒட்டினேன், எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினேன்.

மூன்றாவது வாரம் படிவங்களைப் புரட்டியபோது எல்லாக் கட்டத்திலும் டிக் இருந்தது. 30 பெட்டுக்கும் ஒரே பேனா, ஒரே சாய்வு. இரண்டு நாளுக்கு முன்பே டிஸ்சார்ஜ் ஆகிக் காலியாகக் கிடந்த 17-ஆம் பெட்டிலும் 'கேனுலா நன்றாக உள்ளது' என்று டிக் போட்டிருந்தார்கள்.

என் முதல் எண்ணம் மெமோ கொடுப்பதுதான். கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் காலி பெட்டை மட்டும் விட்டுவிட்டு மற்ற 29-க்கும் கவனமாக டிக் போடக் கற்றுக்கொண்டிருப்பார்கள். ஆறு மாதம் கழித்து அதே மாற்றத்தை வேறு வழியில் தொடங்கினேன். அந்த வழியைத்தான் கீழே படிப்படியாகச் சொல்கிறேன். படுக்கையருகே ஓவர் கொடுப்பது இங்கே ஓர் உதாரணம்தான். கை கழுவுதல், ஊசிக் கழிவைப் பிரித்தல், மருந்து இருவர் சரிபார்த்தல் என எதற்கும் இந்த வரிசை பொருந்தும்.

படி 1: எது கெட்டுப்போயிருக்கிறது என்பதை முதலில் எண்ணுங்கள்

'கம்யூனிகேஷன் சரியில்லை', 'டீம் ஒர்க் இல்லை' என்றெல்லாம் தொடங்காதீர்கள். அவை புலம்பல்கள். 'ஷிஃப்ட் மாறி முதல் ஒரு மணி நேரத்துக்குள் தெரியவரும் கேனுலா வீக்கம்' என்பதுதான் பிரச்சினை. அதை எண்ண முடியும்.

பத்து நாளைக்கு ஒரு தாளில் கோடு போட்டு வாருங்கள். பெட் நம்பர், நேரம், என்ன கண்டீர்கள், இவை போதும். யார் டூட்டி என்று எழுதவே கூடாது. எழுதினால் அந்தத் தாள் குற்றப்பத்திரிகை ஆகிவிடும், பதினோராம் நாள் உங்களிடம் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள்.

பிறகு ஒரே வாக்கியம் எழுதுங்கள். நான் எழுதியது: 'டிரிப் ஓடும் ஒவ்வொரு கையையும் இரண்டு சிஸ்டர்கள் சேர்ந்து பார்த்த பிறகே ஷிஃப்ட் மாறும்.' முதல் முறை நான் போட்ட படிவத்தில் 14 கட்டங்கள் இருந்தன. இந்த வாக்கியத்தில் ஒரே ஒரு செயல்தான் இருக்கிறது.

படி 2: அதிகாரம் எங்கே இருக்கிறது என்று வரையுங்கள்

அலுவலகச் சுவரில் இருக்கும் படிநிலை விளக்கப்படம் உங்களுக்கு உதவாது. 1959-இல் ஜான் ஃபிரெஞ்ச், பெர்ட்ராம் ரேவன் என்ற இரண்டு சமூக உளவியலாளர்கள் அதிகாரத்தின் ஊற்றுகளை ஐந்தாகப் பிரித்தார்கள்: பதவி, தண்டிக்கும் வலிமை, பரிசளிக்கும் வலிமை, நிபுணத்துவம், ஒருவர்மேல் மற்றவர்களுக்கு உள்ள மதிப்பு. கையில் உள்ள தகவலை ஆறாவதாக ரேவன் பின்னர் சேர்த்தார். இதை எங்கள் வார்டில் பொருத்திப் பார்த்தபோதுதான் எனக்குக் கண் திறந்தது.

பதவி என்னிடம் இருந்தது. மெமோ கொடுக்கும் வலிமையும் இருந்தது. பரிசு? வார்டில் நாம் கொடுக்கக்கூடிய ஒரே பரிசு டூட்டி லிஸ்ட்தான். தீபாவளிக்கு யாருக்கு ஆஃப், யாருக்கு அடுத்தடுத்து நைட், பொங்கலுக்கு யார் ஊருக்குப் போகலாம் என்பதை முடிவு செய்யும் அந்தத் தாள், எந்த சர்க்குலரையும்விட வலுவானது. அதை நான் அதுவரை வெறும் கணக்காகத்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

மற்ற மூன்றும் வேறு ஆட்களிடம் இருந்தன. நிபுணத்துவமும் மதிப்பும் எங்கள் மூத்த அக்காவிடம். இருபது வருஷத்துக்கு மேல் சர்வீஸ், கிடைக்காத வெயினை இருட்டிலும் கண்டுபிடிப்பார். ஜூனியர்கள் என்னிடம் 'சரி மேடம்' என்று சொல்லிவிட்டு அக்கா முகத்தைத்தான் பார்ப்பார்கள். தகவல் யாரிடம் இருந்தது தெரியுமா? எம்.என்.ஓ. (ஆண் நர்சிங் ஆர்டர்லி) அண்ணனிடம். எந்த பெட் நோயாளி ராத்திரி கீழே விழப்பார்த்தார், எந்த நோயாளியோடு இருக்கும் அட்டெண்டர் (கூடத் தங்கும் வீட்டுக்காரர்) சண்டைக்காரர், எந்த டாக்டர் எத்தனை மணிக்கு ரவுண்ட்ஸ் வருவார், எல்லாம் அவருக்குத்தான் முதலில் தெரியும்.

ஒரு தாளில் வார்டில் வேலை செய்யும் எல்லோர் பெயரையும் எழுதுங்கள், துப்புரவுப் பணியாளர் உட்பட. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில், 'இவர் வேண்டாம் என்று நினைத்தால் இந்த மாற்றம் எப்படி நிற்கும்?' என்று எழுதுங்கள். சிலர் பெயருக்குப் பக்கத்தில் எழுத எதுவும் இருக்காது. சிலருக்கு அரைப் பக்கம் போகும். அரைப் பக்கக்காரர்களிடம்தான் நீங்கள் முதலில் போய்ப் பேச வேண்டும். அந்தத் தாளை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: ஒரு வாரம் வாயை மூடிக்கொண்டு பாருங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிவிடுகிறார்கள். பணியிடப் பண்பாடு மூன்று அடுக்காக இருக்கிறது என்றார் எட்கர் ஷைன் என்ற நிறுவன உளவியலாளர். மேலே கண்ணுக்குத் தெரிவது, நடுவில் நாம் வாயால் சொல்லிக்கொள்ளும் மதிப்புகள், அடியில் யாரும் சொல்லாமலே எல்லோரும் நம்புவது. 'நோயாளியே நமக்கு முதன்மை' என்று சுவரில் இருக்கும். 'சீஃப் ரவுண்ட்ஸ் வரும்போது பெட்ஷீட் சுருக்கம் இருக்கக் கூடாது' என்பது எங்கும் எழுதியிருக்காது. காலை எட்டு மணிக்கு இரண்டில் எதற்காக எல்லோரும் ஓடுகிறார்கள் என்று பாருங்கள், அடி அடுக்கு தெரிந்துவிடும்.

எதையெல்லாம் கவனிக்கலாம்? டாக்டர் வந்தால் யார் எழுந்து நிற்கிறார்கள், யார் நாற்காலியை விட்டுக்கொடுக்கிறார்கள். ஹவுஸ் சர்ஜனாக நேற்று சேர்ந்த பையன் 'சார்', முப்பது வருஷ சர்வீஸ் ஆனவர் வெறும் 'சிஸ்டர்'. தவறு நடந்ததும் வருகிற முதல் கேள்வி 'நோயாளி எப்படி இருக்கார்?' என்பதா, 'யாரு டூட்டி?' என்பதா. இந்தக் கடைசிக் கேள்வி ஒன்றே போதும், ஒரு வார்டின் ஜாதகத்தைச் சொல்லிவிடும்.

சின்னப் பழக்கங்களைக் கேலி செய்யாதீர்கள். லண்டனில் ஒரு போதனா மருத்துவமனையின் செவிலியர் பணியை ஆராய்ந்து இசபெல் மென்சீஸ் என்ற உளப்பகுப்பாய்வாளர் 1960-இல் எழுதியது இன்றைக்கும் நம் வார்டைப் பார்த்து எழுதியதுபோல இருக்கிறது. நோயாளியைப் பெயர் சொல்லாமல் படுக்கை எண்ணாலோ நோயாலோ குறிப்பிடுவது, வேலையைத் துண்டு துண்டாக்கி எல்லோருக்கும் எல்லாமாகப் பிரிப்பது, முடிவை மேலே மேலே தள்ளுவது, இவையெல்லாம் மரணத்தையும் வலியையும் தினமும் நேருக்கு நேர் பார்க்கிறவர்கள் தங்களைக் காத்துக்கொள்ளப் போட்ட வேலிகள் என்றார் அவர். '12-ஆம் பெட் சீரியஸ்' என்று சொல்கிற சிஸ்டருக்கு அந்த 12-க்குப் பின்னால் இருக்கும் பெயர் தெரியும். சொன்னால் தாங்காது என்பதால் சொல்வதில்லை. உங்கள் மாற்றம் அந்த வேலியைப் பிடுங்குகிறதா என்று பாருங்கள். படுக்கையருகே நின்று நோயாளியின் பெயரைச் சொல்லி ஓவர் கொடுப்பது நிச்சயம் பிடுங்குகிறது.

டாக்டர்–நர்ஸ் உறவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1967-இல் லியோனார்ட் ஸ்டெய்ன் என்ற மனநல மருத்துவர் இதை ஒரு விளையாட்டு என்றே விவரித்தார். செவிலியர் யோசனை சொல்ல வேண்டும், ஆனால் யோசனை சொன்னதுபோல இருக்கக் கூடாது. டாக்டர் அதை ஏற்க வேண்டும், ஆனால் தானே யோசித்ததுபோல இருக்க வேண்டும். 'சார், நேத்து இதே மாதிரி கேஸுக்கு பெரிய சார் லாசிக்ஸ் போட்டாங்க...' என்று (லாசிக்ஸ், நீர் பிரியவைக்கும் மருந்து) இழுத்து நிறுத்தாத சிஸ்டர் நம் ஊரில் யார்?

சிரித்துவிட்டுப் போகக்கூடிய விஷயம் இல்லை அது. அதற்கு முந்தைய வருஷம் அமெரிக்காவில் மனநல மருத்துவர் சார்லஸ் ஹாஃப்லிங் குழு வெளியிட்ட சோதனையில், முன்பின் தெரியாத ஒரு 'டாக்டர்' ஃபோனில் அழைத்து ஒரு மருந்தை 20 மில்லிகிராம் கொடுக்கச் சொன்னார். மருந்தின் லேபிளில் ஒரு நாளைக்கு அதிகபட்ச அளவு 10 என்று அச்சிட்டிருந்தது. 22 செவிலியரில் 21 பேர் கொடுக்கக் கிளம்பிவிட்டார்கள். வழியில் தடுத்து நிறுத்தினார்கள். இதை 'பார்த்தாயா, நர்ஸுகள் சொன்னதைச் செய்யும் ஆட்கள்' என்று பாடம் எடுப்பவர்கள் 1977-இல் வெளியான மறுசோதனையைச் சொல்வதில்லை. அந்தமுறை செவிலியருக்குத் தெரிந்த மருந்தைச் சொன்னார்கள், பக்கத்தில் இருக்கும் சக செவிலியரிடம் கேட்கவும் வாய்ப்பு இருந்தது. 18 பேரில் 2 பேர்தான் கொடுக்கத் தயாரானார்கள். பக்கத்தில் கேட்க ஓர் ஆள், கையில் விஷயம். இந்த இரண்டும் இருந்தால் எங்கள் ஆட்களுக்கும் முதுகெலும்பு உண்டு.

படி 4: யார் எதை இழக்கிறார்கள்?

மாற்றத்தைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் சமூக உளவியலாளர் குர்ட் லெவின் பெயரைச் சொல்வார்கள். உறைந்திருப்பதை உருக்கு, நகர்த்து, மறுபடி உறைய வை என்ற அவருடைய மூன்று கட்டங்கள் எல்லா நர்சிங் மேலாண்மைப் பாடத்திலும் வரும். பரீட்சைக்கு எழுதிவிட்டு மறந்துவிடுகிறோம். அவர் சொன்னதில் வார்டுக்கு உண்மையில் உதவுவது இன்னொன்று. ஒரு பழக்கம் நிலையாக இருக்கிறதென்றால், அதைத் தள்ளும் விசையும் தடுக்கும் விசையும் சமமாக இருக்கின்றன. தள்ளுவதைக் கூட்டினால் எதிர்ப்பும் இறுக்கமும் கூடும். தடுப்பதைக் குறைத்தால் தானே நகரும்.

நான் முதல் முறை தள்ளினேன். இரண்டாவது முறை தடுப்பது எது என்று ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டேன். மூத்த அக்காவிடம் டீ குடிக்கும்போது கேட்டது இப்படிப் போனது.

"அக்கா, அந்த பெட்சைட் ஓவர் ஏன் ஓடல? மறைக்காம சொல்லுங்க."

"மறைக்க என்ன இருக்கு? முப்பது பெட் நடந்து முடிக்க முக்கால் மணி ஆகுது. ஏழரைக்கு டூட்டி முடியுது, ஏழு அம்பதுக்கு பஸ்ஸு. அத விட்டா அடுத்தது எட்டரைக்குத்தான். பேரப்புள்ளைக்கு வேன் வந்து நிக்கும். நீ டிக் போடச் சொன்ன, போட்டோம்."

"அவ்வளவுதானா அக்கா?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். "நான் நோட்டப் பாக்காம முப்பது கேஸும் சொல்வேன். சின்னப் புள்ளைங்க வாயப் பொளந்து கேக்கும். இப்போ எங்கையில ஒரு ஃபாரத்தக் குடுத்து டிக் அடிக்கச் சொல்ற."

பஸ் எல்லோருக்கும் தெரிந்த காரணம். இரண்டாவது காரணத்துக்காக நான் ஒரு டீ முழுக்கக் காத்திருக்க வேண்டியிருந்தது. ஸ்டேஷனில் ஓவர் கொடுக்கும் அந்த இருபது நிமிஷம்தான் அவருடைய மேடை. என் படிவம் அதைப் பிடுங்கியிருந்தது. எதிர்ப்பு என்று நான் நினைத்தது மரியாதை போனதன் வலி.

மற்றவர்களிடம் கேட்டதில் இன்னும் மூன்று தெரியவந்தன. ஜூனியர்களுக்குப் பயம்: ஸ்டேஷனில் வாங்கும் திட்டை இனி நோயாளி முன்னாலும், நாலு அட்டெண்டர் முன்னாலும் வாங்க வேண்டும். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பது எந்த வார்டிலும் நடப்பதுதான். செவிலியர்கள் ஒருவரையொருவர் நசுக்குவதைச் சூசன் ஜோ ராபர்ட்ஸ் என்ற செவிலியர் ஆய்வாளர் 1983-இல் ஒடுக்கப்பட்ட குழுக்களின் நடத்தையோடு சேர்த்து விளக்கினார். மேலே திருப்பிக் கொடுக்க முடியாத கோபம் பக்கவாட்டிலும் கீழேயும் இறங்குகிறது. சீஃப் சிஸ்டரைத் திட்டுவார், சிஸ்டர் ஸ்டூடண்டைத் திட்டுவார், ஸ்டூடண்ட் பாத்ரூமில் போய் அழுவாள்.

எம்.என்.ஓ. அண்ணன் சொன்னது: ஏழேகால் மணிக்குத்தான் பாலும் பிரெட்டும் வரும். அந்த நேரத்தில் அட்டெண்டர்களை வெளியே அனுப்பச் சொன்னால் அடி விழும்.

மூன்றாவது எனக்குத் தோன்றவே தோன்றாதது. வார்டில் புற்றுநோய் நோயாளிகள் இரண்டு பேருக்குத் தங்கள் நோய் என்னவென்று தெரியாது. வீட்டில் சொல்ல வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டிருந்தார்கள். கால்மாட்டில் நின்று கொண்டு 'கார்சினோமா ஸ்டமக், பாலியேட்டிவ்' என்று ஓவர் கொடுத்தால் என்ன ஆகும்? அந்த சிஸ்டர்கள் படுக்கையருகே பேச மறுத்தது சோம்பலால் இல்லை, மனிதத்தன்மையால்.

படி 5: திட்டத்தை அவர்களிடமே கொடுத்துத் திருத்துங்கள்

மேலே வந்த ஒவ்வொரு தடைக்கும் ஒரு பதில் வேண்டும். பதிலை நீங்களே சொல்லாதீர்கள். எங்கள் வார்டில் பிறந்தவை இவை.

பஸ்ஸுக்கு: 30 பெட்டையும் எல்லோரும் சேர்ந்து சுற்றுவதில்லை. நைட்டில் இருந்தவர் தன் பக்கத்து நோயாளிகளை, அதே பக்கத்தை எடுக்கும் மார்னிங் சிஸ்டரிடம் மட்டும் ஒப்படைப்பார். டிரிப், ஆக்சிஜன், வடிகுழாய் உள்ளவர்களிடம் நின்று பார்ப்பது, நடமாடுகிறவர்களுக்கு முகம் பார்த்து ஒரு வணக்கம். பதினைந்து நிமிஷம்.

பால்-பிரெட்டுக்கு: அட்டெண்டர்களை விரட்டுவதே வேண்டாம்.

ரகசியத்துக்கு: நோயின் பெயர், ஹெச்.ஐ.வி. நிலை, குடும்பச் சண்டை, இவை ஸ்டேஷனிலேயே முதல் ஐந்து நிமிஷத்தில். படுக்கையருகே கண்ணால் பார்க்கக்கூடியது மட்டும்.

பயத்துக்கு: படுக்கையருகே தவறு தெரிந்தால் 'இதப் பாத்துக்கலாம்' என்பதோடு நிறுத்த வேண்டும். மீதி ஸ்டேஷனில். இதை மீறினால் மீறியவர் எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். முதலில் மீறி டீ வாங்கியவள் நான்தான்.

மேடைக்கு: ஸ்டேஷனில் நடக்கும் அந்த ஐந்து நிமிஷத்தில், வார்டிலேயே மோசமான இரண்டு நோயாளிகளைப் பற்றி மூத்த அக்கா பேசுவார். ராத்திரி எதைப் பார்த்துச் சந்தேகப்பட்டார், என்ன செய்தார் என்று. படிவத்தில் எதையெல்லாம் கேட்க வேண்டும் என்று முடிவு செய்ததும் அவர்தான். 14 கட்டம் 5 ஆனது.

படி 6: ஒரு ஷிஃப்ட், ஆறு பெட், ஐந்து நாள்

முழு வார்டையும் ஒரே திங்கட்கிழமையில் மாற்றாதீர்கள். விருப்பமுள்ள இரண்டு பேர், ஸ்டேஷனுக்கு நேர் எதிரில் இருக்கும் ஆறு பெட், மார்னிங் ஷிஃப்ட் மட்டும். புதுமையை முதலில் ஏற்பவர்கள் கொஞ்சம் பேர்தான் என்பதும், பெரும்பான்மை தனக்கு நிகரான ஒருவர் செய்வதைப் பார்த்தே பின்தொடரும் என்பதும் சமூகவியலாளர் எவரெட் ரோஜர்ஸ் 1962-லேயே சொன்னது. அதனால் அந்த இரண்டு பேரில் ஒருவராவது மற்றவர்கள் மதிக்கிற ஆளாக இருக்கட்டும். இன்-சார்ஜுக்குச் செல்லம் என்று பெயர் வாங்கிய பெண்ணை வைத்துத் தொடங்கினால், அது அவளோடு முடிந்தது.

ஐந்தாம் நாள் முடிவில் என்ன இடித்தது என்று கேளுங்கள், மாற்றுங்கள், அடுத்த ஆறு பெட்டுக்குப் போங்கள். எங்களுக்கு முதல் வாரத்தில் இடித்தது ஒரு டார்ச். காலை வெளிச்சம் உள்பக்கப் படுக்கைகளுக்கு எட்டாது, கேனுலா இடம் சிவந்திருக்கிறதா என்று தெரியவில்லை. டார்ச் வாங்கினோம்.

படி 7: மேலே இருப்பவர்களிடம் என்ன கேட்பது

'முழு ஆதரவு' கேட்காதீர்கள், அது செலவில்லாத வார்த்தை. குறிப்பாக ஒன்றைக் கேளுங்கள்.

இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் அமெரிக்காவின் பால்டிமோரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை. பெரிய ரத்தக்குழாயில் போடும் சென்ட்ரல் லைன் மூலம் வரும் தொற்றைக் குறைக்க அங்கிருந்த தீவிர சிகிச்சை மருத்துவர் பீட்டர் புரோனோவோஸ்ட் 2001-இல் ஒரு சின்னப் பட்டியல் தயாரித்தார். கை கழுவு, குளோர்ஹெக்ஸிடின் கிருமிநாசினியால் தோலைச் சுத்தம் செய், உடல் முழுதும் மூடும் துணி போடு என்று எல்லோருக்கும் தெரிந்தவைதான். புதியது வேறு. டாக்டர் ஒரு படியைத் தவிர்த்தால் செவிலியர் நிறுத்தலாம், நிர்வாகம் செவிலியர் பக்கம் நிற்கும் என்று சொல்லப்பட்டது. தேவையான சாமான்களை ஒரே வண்டியில் சேர்த்தும் வைத்தார்கள். இதையே மிச்சிகன் மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் செய்தபோது, 1,000 லைன் நாளுக்கு (ஒரு நோயாளிக்கு லைன் இருக்கும் ஒவ்வொரு நாளும் ஒரு லைன் நாள்) 2.7 என்றிருந்த தொற்று விகிதத்தின் இடைநிலை மதிப்பு (மீடியன்) மூன்று மாதத்தில் பூஜ்யமானது. 2006-இல் முடிவுகள் வெளியாயின. பட்டியலை எல்லோரும் நகலெடுத்தார்கள். நிறுத்தும் அதிகாரத்தை நகலெடுத்தவர்கள் குறைவு.

ஆகவே கண்காணிப்பாளரிடம் நான் கேட்டது ஒன்றுதான்: 'ஓவர் நடக்கும் 7.15-லிருந்து 7.30 வரை எந்த டாக்டரும் சிஸ்டரை வேறு வேலைக்கு இழுக்கக் கூடாது, உயிர் போகிற அவசரம் தவிர. இதை நீங்கள் டிபார்ட்மென்ட் மீட்டிங்கில் உங்கள் வாயால் சொல்ல வேண்டும்.' சொன்னார்.

டாக்டருக்கு ஃபோன் செய்யும் முறையையும் இதோடு பழக்கினோம். ஐ.எஸ்.பார் என்கிற முறை: நான் யார், இப்போது என்ன, பின்னணி என்ன, என் கணிப்பு என்ன, உங்களிடம் என்ன வேண்டும். அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கிகளில் இருந்து மருத்துவமனைக்கு வந்த பழக்கம் இது. நம் ஆட்கள் முதல் மூன்றையும் அழகாகச் சொல்வார்கள், கடைசி இரண்டில் குரல் தேயும். அதனால் அந்த இரண்டை மட்டும் ஒருவர் டாக்டராக நடிக்க, சத்தமாகச் சொல்லிப் பழகினோம்:

"சார், மெடிக்கல் வார்டு ஸ்டாஃப் பேசறேன். 9-ஆம் பெட், பி.பி. 80-க்கு 50, பல்ஸ் 130. நேத்து நிமோனியான்னு அட்மிட் ஆனவர், யூரின் ராத்திரியிலிருந்து கம்மி. செப்சிஸ் ஆகுதுன்னு நினைக்கிறேன். நீங்க இப்பவே வந்து பாக்கணும் சார்."

'நினைக்கிறேன்', 'வந்து பாக்கணும்' என்ற இரண்டு சொல்லும் முதல் நாள் ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. சிரித்துச் சிரித்து மழுப்பினார்கள். நாலாவது நாள் வந்தது.

படி 8: முதல் தவறு வெளியே வரும் நாள்

மாற்றம் வேலை செய்யத் தொடங்கியதும் தவறுகள் கூடியதுபோலத் தெரியும். மேலாண்மை ஆய்வாளர் எமி எட்மண்ட்சன் 1996-இல் வெளியிட்ட மருந்துத் தவறு ஆய்வில் இதைத்தான் கண்டார். நல்ல தலைமையும் நல்ல உறவும் உள்ள வார்டுகளில்தான் பதிவான தவறுகள் அதிகம். அங்கே தவறுகள் அதிகம் என்பதால் அல்ல, வெளியே சொல்ல முடிந்தது என்பதால்.

அந்த நாளில் உங்கள் முகம்தான் பாலிசி. எங்களிடம் ஒரு ஜூனியர் தானே வந்து, 'மேடம், ஆன்டிபயாட்டிக் ராத்திரி டோஸ் விட்டுட்டேன், ஓவர்ல கண்டுபிடிச்சோம்' என்றாள். ஸ்டேஷனில் எட்டுப் பேர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டாக்டருக்குச் சொல்லியாச்சா என்று கேட்டேன், இன்சிடெண்ட் ரிப்போர்ட் எழுதச் சொன்னேன், ஏன் விட்டது என்று பார்த்தோம். ஒரே நேரத்தில் இரண்டு அட்மிஷன் வந்திருந்தது. அன்று மெமோ போட்டிருந்தால் ஆறு மாத வேலையும் அந்த ஒரு காகிதத்தில் முடிந்திருக்கும்.

தெரிந்தே செய்யும் ஏமாற்று வேறு கதை. பி.பி. பார்க்காமலே எழுதுகிறவர்களுக்கு மெமோ உண்டு, அதில் எனக்குத் தயக்கம் இல்லை.

இடையில் ஒரு எச்சரிக்கை

எல்லாவற்றையும் 'பண்பாடு' என்று சொல்லித் தப்பிக்க நிர்வாகங்களுக்குப் பிடிக்கும். பொது வார்டில் ஆறு படுக்கைக்கு ஒரு செவிலியர் என்பது மத்திய அரசின் பணியாளர் ஆய்வுப் பிரிவான எஸ்.ஐ.யு. வகுத்த நெறி. முப்பது பெட்டுக்கு நைட்டில் ஒரே சிஸ்டர் இருக்கிற இடத்தில் இந்த வழிகாட்டி ஓடாது, ஓடவும் கூடாது. அங்கே முதல் மாற்றம் ஆள் போடுவது. அதேபோல, தமிழ்நாட்டில் 2015-இல் எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) வழியாக மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்ந்த செவிலியர்கள் 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். (மருத்துவப் பணிகள் இயக்ககம்) வளாகத்தில் உட்கார்ந்து போராடியது நினைவிருக்கும். வேலை நிரந்தரமா என்றே தெரியாதவரிடம் 'டாக்டரைத் தடுத்து நிறுத்து' என்று சொல்வதற்கு முன், நிறுத்தினால் அவள் வேலைக்கு யார் பொறுப்பு என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். முதலில் குரல் கொடுக்க வேண்டியவர்கள் நிரந்தரப் பணியில் இருப்பவர்கள்.

படி 9: நீங்கள் இல்லாத நாளுக்குத் தயார் செய்யுங்கள்

உத்தரப் பிரதேசத்தில் பாதுகாப்பான பிரசவச் சரிபார்ப்புப் பட்டியலை வைத்து 120 சுகாதார நிலையங்களில் பெட்டர்பர்த் என்ற பெரிய ஆய்வு நடந்தது, 2017-இல் முடிவு வந்தது. பயிற்சியாளர்கள் கூடவே வந்துகொண்டிருந்த இரண்டாம் மாதத்தில், செய்ய வேண்டிய அடிப்படைச் செயல்களில் 72.8 சதவீதம் நடந்தது. பட்டியல் தராத இடங்களில் 41.7. பயிற்சி நின்றபின் பன்னிரண்டாம் மாதத்தில் அது 61.7-க்கு இறங்கியிருந்தது. தாய்-சேய் மரணத்தில் வித்தியாசம் ஏற்படவில்லை. கூட நின்று சொல்லிக்கொடுத்தால் பழக்கம் மாறும், ஆள் போனால் மெல்லத் தேயும், பழக்கம் மாறினால் மட்டும் போதாத இடங்களும் உண்டு. மூன்றையும் ஒரே ஆய்வு சொல்லிவிட்டது.

கலந்தாய்வில் உங்களுக்கு மாறுதல் வரலாம், மெட்டர்னிட்டி லீவில் போகலாம். அதற்கு முன்னால் செய்ய வேண்டியவை சொற்பம்தான். புதிதாகச் சேருபவருக்கு முதல் நாள் ஓவர் முறையைக் கற்றுக்கொடுப்பது ஒரு குறிப்பிட்ட சிஸ்டரின் வேலை என்று டூட்டி லிஸ்டிலேயே எழுதுங்கள். மாதம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை காலை ஏழேகாலுக்கு, சொல்லாமல் போய் நில்லுங்கள். வார நாளில் பார்ப்பது நாடகமாக இருக்கலாம், ஞாயிறு பொய் சொல்லாது. படிவத்தைத் திருத்தும் உரிமையை வார்டுக்கே விட்டுவிடுங்கள்.

நான் மாறுதலாகி ஒரு வருஷம் கழித்து, சொந்தக்காரர் ஒருவரைப் பார்க்க அந்த வார்டுக்குப் போனேன். காலை ஓவர் நடந்துகொண்டிருந்தது. என்னைத் தெரியாத இரண்டு சின்னப் பெண்கள், ஒருத்தி கையில் டார்ச். 'அட்டெண்டர், கொஞ்சம் தள்ளி நில்லுங்க' என்று என்னையும் தள்ளிவிட்டார்கள். முடிந்தபின் படிவத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஐந்து கட்டம் நாலாகியிருந்தது. அடித்துப் போட்டிருந்தது நான் அக்காவிடம் சண்டை போட்டுச் சேர்த்த ஒரே கட்டத்தை.